மர ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் எழுதலாம்? மதுரை வட்டாரத்தில் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கம் செம்மண் காடு வைத்திருப்பவர்களையும், உசிலம்பட்டி, சேடபட்டி, டி.கல்லுப்பட்டி பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களையும் தேடி இன்று நாலைந்து வகை மர ஒப்பந்தங்கள் வருகின்றன. காகித ஆலைக்குத் தைலமரமும் சவுக்கும், தீப்பெட்டிக்குப் பெருமரம், பிளைவுட்டுக்கு மலைவேம்பு. இருபது வருஷம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று தேக்கு, சந்தனம், மகோகனி. இவற்றோடு வேளாண் துறையின் இலவசக் கன்றுத் திட்டமும் இருக்கிறது. கன்று எப்படி, டன் என்ன விலை என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். எத்தனை வருஷத்துக்குக் கையெழுத்து என்பதை மட்டும் கம்பெனிக்காரர் நிரப்பிக்கொண்டு வந்த தாளில் உள்ளபடியே விட்டுவிடுகிறார்கள். லாபமோ நஷ்டமோ பாதிக்கு மேல் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அதன் கால அளவை வைத்தே இங்கே எடை போட்டிருக்கிறோம்.

அளவுகோல் இதுதான். மரம் வெட்டுக்கு வரும் காலம் ஒன்று, பேசிய விலை நிற்கும் காலம் இன்னொன்று. முதலாவது நீளலாம், நீளத்தான் வேண்டும். இரண்டாவது நீளக் கூடாது. இரண்டையும் ஒரே தேதிக்குள் அடைத்த ஒப்பந்தம் யாருடையதாக இருந்தாலும் அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் போக வேண்டியதில்லை. பெரியாறு அணைக்கான குத்தகை 1886-ல் 999 வருஷத்துக்கு எழுதப்பட்டது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். அவ்வளவு நீண்ட காலம் உறுதியாகக் கையில் இருந்ததால்தான் அங்கே பெரிய முதல் போட்டு 1895-ல் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்ப முடிந்தது. ஆனால் அந்த 5 ரூபாய் 84 வருஷம் அசையவில்லை. 1970-ல்தான் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று, 30 வருஷத்துக்கு ஒருமுறை திருத்தலாம் என்ற பிரிவும் அப்போதுதான் வந்தது. காலத்தை நீட்டியதில் தப்பில்லை. வாடகையைத் திருத்த வழி வைக்காமல் எழுதியதுதான் குறை.

காட்டு மரத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 1950களின் இறுதியில் கர்நாடகத்தின் தாண்டேலி காகித ஆலைக்கு அரசு தன் காட்டு மூங்கிலை டன் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. வெளிச் சந்தை விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த விலைக்கு வந்த பொருளைச் சிக்கனமாக வெட்ட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. பக்கத்து மூங்கில் குறைந்தபின் தூரத்துக் காடுகளைத் தேட வேண்டியதாயிற்று. 1988-ன் தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்குக் காட்டுப் பொருளைச் சலுகை விலையில் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும், ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதியது. நம் பட்டா நிலத்தைத் தேடி இன்று ஆலைகள் வருவதற்கு அடிப்படை அந்த மாற்றம்.

காகித ஆலை ஒப்பந்தம்

இந்த வட்டாரத்தில் அதிகம் கையெழுத்தாவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். மாநில அரசு நிறுவனமான டி.என்.பி.எல். ஆலை கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிறது, இரண்டாவது ஆலை மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில். கொட்டாம்பட்டி, மேலூர் லாரிக்கு மணப்பாறை நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். திருமங்கலத்துக்குத் தெற்கே போகப்போக வாடகை கூடும். எந்த வாசலில் இறக்குவது, அந்த வாடகை யாருடையது என்று தாளில் இல்லாவிட்டால் டன் விலையை வைத்துப் போடும் எந்தக் கணக்கும் நிற்காது.

பொதுவாக இரண்டு மாதிரி உண்டு. ஒன்றில் நிலமும் மரமும் நம்முடையவை, ஆலை கன்று கொடுத்து வாங்கிக்கொள்ள ஒப்புகிறது. மற்றதில் நிலத்தைக் குத்தகைக்கோ வருமானப் பங்குக்கோ எடுத்துக்கொண்டு ஆலையே நட்டு, பார்த்து, வெட்டிக்கொள்கிறது.

முதல் மாதிரியில் தைலமரத்தை எடுத்துக்கொள்வோம். ஒட்டுரகக் கன்றை 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 900 கன்று பிடிக்கும். நல்ல செம்மண்ணில் நாலு முதல் ஐந்து வருஷத்தில் முதல் வெட்டு. அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பில் இன்னும் இரண்டு வெட்டு எடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ நாலு வருஷம். ஆக ஒரு நடவு பன்னிரண்டு, பதிமூன்று வருஷ சமாச்சாரம். ஒப்பந்தத்தில் 5 என்று எழுதுவதா, 13 என்று எழுதுவதா?

எங்கள் தீர்ப்பு: ஒரு வெட்டுக்கு மட்டும் எழுதுங்கள், ஒரு வருஷம் சலுகைக் காலத்தோடு. மறுதாம்பை அதே ஆலைக்குத் தரும் உரிமை நம் கையில் இருக்கட்டும், கட்டாயமாக இருக்க வேண்டாம். முதல் வெட்டுக்கு ஆறு மாதம் முன்பு அன்றைய விலையைப் பேசிப் புதுப்பிக்கலாம் என்று ஒரு பிரிவு போதும். ஆலைக்கும் இதில் நஷ்டமில்லை. கன்றுச் செலவு முதல் வெட்டிலேயே கழிந்துவிடுகிறது, மறுதாம்புக்கு அது புதிதாக முதல் போடப்போவதில்லை.

சலுகை வருஷம் எதற்கு? இங்கே ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில்தான், அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. 2016-ல் அந்தப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது. அப்படி ஒரு வருஷம் நடுவில் விழுந்தால் மரம் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்த்தியை இழக்கும். 60 மாதத்தில் முடியும் ஒப்பந்தத்தில், குறைந்தபட்சச் சுற்றளவுக்கு வராத குச்சிகளை ஆலை கழித்துவிடும், நாம் அவற்றை விறகு விலைக்குத் தள்ள வேண்டிவரும். 48-வது மாதத்திலிருந்து 72-வது மாதத்துக்குள் நிலத்துக்காரர் சொல்லும் நேரத்தில் வெட்டு என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. விலை நன்றாக இருந்தால் முன்னால் வெட்டலாம், மழை ஏமாற்றினால் காத்திருக்கலாம்.

முடிவுத் தேதியிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இந்தப் பக்கம் கன்று நடுவது அக்டோபர், நவம்பர் மழையில். கையெழுத்தும் அப்போதுதான். ஆகவே 'ஐந்து ஆண்டுகள்' என்று எழுதினால் அது முடிவதும் அக்டோபர், நவம்பர் மழையில்தான். அப்போது கரிசல் காட்டுக்குள் லாரி இறங்காது, செம்மண்ணிலும் சக்கரம் பதியும். வெட்டிய மரம் காட்டிலேயே கிடக்கும், ஒப்பந்தக் காலமும் முடிந்துபோகும். தேதியை மார்ச் 31-க்குத் தள்ளிவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை தரை காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். லாரியும் வரும், அடிக்கட்டையும் துளிர்க்கும். கத்திரி வெயிலில் வெட்டினால் துளிர் கருகி, கட்டைகள் கணிசமாகச் செத்துப்போகும்.

கட்டையைப் பற்றியே தனியாக ஒரு பிரிவு வேண்டும். தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில், வாள் கொண்டு, தண்ணீர் வடியும்படி சாய்வாக, கட்டையின் பட்டை உரியாமல் வெட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் ஆட்களுக்கு டன் கணக்கில் கூலி. ஆகவே கோடாரியால் சிதைத்தோ, இரண்டடி உயரத்தில் வசதிக்கு வெட்டியோ போய்விடுவார்கள். சிதைந்த கட்டை அழுகும், உயரத்தில் வெட்டிய கட்டையின் துளிர் காற்றில் பிய்ந்துவிடும். நாலைந்து மாதத்தில் ஒரு கட்டைக்கு ஒன்றோ இரண்டோ வலுவான துளிரை விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். நீண்ட கால ஒப்பந்தம் போட்டவர்கள் அந்த ஆள்கூலி யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வெட்டுக்குப் பிறகு 900 கட்டையை ஜேசிபி வைத்துப் பிடுங்கும் செலவும் அப்படித்தான். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பதிமூன்று வருஷ ஒப்பந்தத்தில், கடைசி வருமானத்தில் ஒரு பகுதி நிலத்தைத் திரும்ப உழவுக்குக் கொண்டுவரவே போய்விடும்.

எடைக்கும் நாள் கணக்கு உண்டு. புதிதாக வெட்டிய தைலமரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பட்டை உரித்து அடுக்கியபின் வெயில் நாளில் அது வேகமாக இறங்கும். ஏக்கருக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டால், லாரிக்கான சீட்டு தாமதமாகி பத்து சதவீதம் காய்ந்தாலே 2 டன் காணாமல் போகும். மரம் அங்கேயேதான் இருக்கிறது, பணம்தான் ஆவியாகிவிட்டது. வெட்டியதிலிருந்து எடைமேடை வரை எத்தனை நாள், அதற்கு மேல் ஆலையின் தாமதம் என்றால் காய்ந்த எடைக்கு எவ்வளவு கூட்டித் தருவது, எடை போட்டபின் எத்தனை நாளில் வங்கிக் கணக்கில் பணம் ஏறும் என்ற மூன்றும் தாளில் வேண்டும். பெரும்பாலான மாதிரி ஒப்பந்தங்களில் மூன்றாவது மட்டும்தான் தென்படுகிறது.

சவுக்கு இதைவிட எளிது. 1.5 மீட்டர் சதுரத்தில் ஏக்கருக்கு 1,800 கன்று, மூன்று நாலு வருஷத்தில் வெட்டு. காலம் குறுகியது என்பதால் நிலத்துக்காரர் மாட்டிக்கொள்ள வாய்ப்பும் குறைவு. புதிதாக மரப் பயிருக்கு வருபவர்கள் இதில் தொடங்கலாம், மண்ணில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் மட்டும். கட்டிடச் சாரத்துக்குக் கழியாக எண்ணிக்கையில் விற்பது சில சமயம் டன் விலையை மிஞ்சும். ஆகவே 'முழு மகசூலும் ஆலைக்கே' என்ற வரியை அடித்துவிட்டு, இவ்வளவு பங்கு கழியாக வெளியே விற்கலாம் என்று எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டு மரத்துக்கும் பொதுவாக இன்னொன்று: ரகத்தைத் தேர்ந்தெடுப்பது ஆலை. தைலமரத்தில் இலைக்காம்பில் முடிச்சு விழவைக்கும் குளவியும், சவுக்கில் பட்டை கொப்பளித்து மரம் வாடும் நோயும் ரகத்துக்கு ரகம் கூடக் குறையத் தாக்கும். ஒரே ரகத்தை வட்டாரம் முழுக்க நட்டால் வந்தது மொத்தமாக வரும். முதல் வருஷத்தில் இவ்வளவு சதவீதத்துக்கு மேல் போனால் கன்று மாற்றித் தரவேண்டும், இரண்டு வருஷத்துக்குள் தோட்டம் தேறாது என்று தெரிந்தால் இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவு இருந்தால், நீண்ட காலத்தைப் பற்றிப் பாதி பயம் தீரும்.

குத்தகை மாதிரிக்கு வந்தால்

இது நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு. வெளியூரில் வேலையில் இருப்பவர்களுக்கு வசதி, சந்தேகமில்லை. ஆனால் இங்கே கால அளவை அசட்டையாக விடவே கூடாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ன் பதிவுச் சட்டம், பிரிவு 17. பதிவானது வில்லங்கச் சான்றில் ஏறும். அடுத்த பன்னிரண்டு வருஷத்தில் நிலத்தை விற்கவோ, மகள் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கவோ, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை செய்யவோ போனால் அது குறுக்கே நிற்கும். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டது ஏழாவது வருஷத்தில் வழக்காகத் திரும்பி வரும்.

'குத்தகை இல்லை, மரத்தை வெட்டிக்கொள்ளும் உரிமைதான்' என்று சொல்லிப் பதிவைத் தவிர்ப்பவர்களும் உண்டு. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின்படி வெட்டத் தயாராக நிற்கும் மரம் அசையாச் சொத்தில் சேராது என்பது உண்மை. ஆனால் பல வருஷம் வளரவிட்டு, வளர வளர வெட்டிக்கொள்வது வேறு. 1958-ல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சுமார் பன்னிரண்டு வருஷத்துக்கு மரமும் மூங்கிலும் விறகும் வெட்டிக்கொள்ள, பதிவில்லாமல் எழுதிக்கொடுத்த பத்திரம் அது. மண்ணின் சத்தை உறிஞ்சி மரம் தொடர்ந்து வளர வேண்டும் என்றால் அது நிலத்தின் மீதான உரிமை, பதிவு இல்லாமல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நம் கணக்குக்கு எடுத்துக்கொண்டால்: இந்த வருஷமே வெட்டி எடுத்துப் போகும் விற்பனைக்குச் சாதாரண ஒப்பந்தம் போதும். மறுதாம்பு வரை நீளும் உரிமை என்றால் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். நாளைக்குத் தகராறு வந்தால் பதிவில்லாத தாள் ஆலையை மட்டுமல்ல, நம்மையும் கைவிட்டுவிடும்.

வாடகையை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்தும் பிரிவு இல்லாத குத்தகையை நாங்கள் வேண்டாம் என்கிறோம். முடிவில் நிலம் எந்த நிலையில் திரும்பும் என்பதும் முன்பே எழுதப்பட வேண்டும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டக் குத்தகையை நினைத்துப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,373 ஏக்கர், 1929-ல் 99 வருஷத்துக்கு எழுதியது, 2028-ல் முடிகிறது. முடிவு நெருங்கிய பிறகுதான் மூன்று நாலு தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் எங்கே போவது என்ற கேள்வி நீதிமன்றத்தில் நின்றது. தொடங்கும்போதே முடிவை எழுதிவைப்பது பெரிய குத்தகைக்கும் தேவை, மூன்று ஏக்கர் குத்தகைக்கும் தேவை.

மலைவேம்பு, பெருமரம்

மலைவேம்பை வருஷக் கணக்கில் எழுதுவதே பொருந்தாது. காகிதக் கூழுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் வெட்டலாம், பிளைவுட் உரிக்க ஆறேழு வருஷம் காத்தால் விலை வேறு தட்டில் போய் உட்காரும். 3 மீட்டர் சதுரத்தில் ஏக்கருக்கு 450 மரம் வைத்து, முதல் இரண்டு வருஷம் பக்கக் கிளைகளைப் பச்சையாக இருக்கும்போதே கழித்து, 15 அடிக்குக் குறையாமல் கணுவில்லாத தண்டு எடுத்தால்தான் அந்த விலை. 'நெஞ்சு உயரத்தில் இத்தனை அங்குலச் சுற்றளவு வந்த மரம்' என்று எழுதுங்கள். அந்த அளவு வந்ததை முதலில் எடுத்து, மற்றதை அடுத்த வருஷத்துக்கு விடலாம். வெட்டும் நேரத்தை வாங்குபவர் முடிவு செய்வார் என்ற வரி இருந்தால், பிளைவுட் மரத்தைக் கூழ் விலைக்குக் கொடுத்ததாக முடியும்.

பீநாறி என்றும் சொல்லும் பெருமரத்துக்கு நமக்குத் தெற்கே சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ஏழெட்டு வருஷப் பயிர். தீக்குச்சிக்கு மரத்தைச் சுற்றி உரிப்பது பச்சையாக இருக்கும்போதுதான் வரும், காய்ந்த கட்டை பிளந்துவிடும். வெட்டிய சில நாளுக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் வாங்குபவருக்கும் அவசரம் உண்டு, பேரத்தில் அது நமக்குச் சாதகம். நீண்ட ஒப்பந்தமே தேவையில்லை. வரப்பில் வளர்த்து, வெட்டும் வருஷத்தில் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டால் போதும்.

தேக்கு, சந்தனம்: இருபது வருஷ வாக்குறுதி

இந்த வகையில்தான் நாங்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறோம். தேக்குக்கு இருபது வருஷம் என்பது மரத்தைப் பொறுத்தவரை அதிகமில்லை. பதினைந்து வயதுத் தேக்கை அறுத்தால் வெளிறிய வெளிக்கட்டைதான் அதிகம், நிறமேறிய வைரம் நடுவில் கொஞ்சம் இருக்கும். இருபத்தைந்து வருஷம் விட்டால்தான் தச்சர் மதிக்கும் மரம். ஆக நீண்ட காலம் நியாயமே. ஆனால் அந்த நீளத்தைத் தாங்கும் எலும்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலாவது கலைப்பு. 2 மீட்டர் சதுரத்தில் ஏக்கருக்கு 1,000 கன்று என்று நட்டால் ஐந்தாறு வருஷத்தில் பாதியை வெட்டிக் கலைத்தாக வேண்டும், பத்துப் பன்னிரண்டில் மறுபடி ஒருமுறை. கலைக்காவிட்டால் ஆயிரம் மரமும் கம்புதான். ஆயிரம் மரத்தையும் இருபதாவது வருஷ விலையால் பெருக்கிக் காட்டும் துண்டறிக்கை எதுவும் கணக்கே இல்லை. கலைத்த கம்பு யாருக்கு, அதற்கு என்ன விலை என்று இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.

இரண்டாவது அளவு. வியாபாரத்தில் கன அடி என்பது கால் சுற்றளவுக் கணக்கு: சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ல் வகுப்பது. 36 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 5.6 கன அடி வரும். அதே கட்டையின் உண்மையான கன அளவு 7.2-க்குக் கொஞ்சம் குறைவு. இந்த இருபத்தொரு சதவீத வித்தியாசம் பழைய வழக்கம், ஏமாற்று என்று சொல்லமாட்டோம். ஆனால் எந்தக் கணக்கில் விலை என்று இன்று எழுதாவிட்டால் இருபது வருஷம் கழித்து எழுத முடியாது.

மூன்றாவது, எழுதிக்கொடுக்கும் நிறுவனம் இருபது வருஷம் இருக்குமா. 1990களில் தேக்குத் தோட்டப் பங்கு என்று பணம் திரட்டிய நிறுவனங்கள் சரிந்த பிறகுதான் 1999-ல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. பலரிடம் பணம் சேர்த்து ஒரே இடத்தில் மரம் வளர்த்து லாபம் பகிர்வதாகச் சொன்னால் செபி பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சொந்த நிலத்துக்குக் கன்று விற்று 'திரும்ப வாங்குகிறோம்' என்பவர்களிடம் லாபம் கன்று விற்ற அன்றே முடிந்துவிடுகிறது, வாங்கும் கடமை மட்டும் இருபது வருஷம் தள்ளி நிற்கிறது. கன்று விலையில் ஒரு பகுதியை வெட்டு வரை நிறுத்திவைக்கச் சம்மதிக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தால் எவ்வளவு உறுதியானவர்கள் என்று தெரிந்துவிடும்.

சந்தனத்தை இன்று நாமே நட்டு வளர்க்கலாம், ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். தனியார் ஒருவர் 'பதினைந்து வருஷத்தில் நாங்களே வந்து வெட்டிக்கொள்கிறோம்' என்று எழுதினால் அந்த வரியை நம்பிக் கன்று வாங்காதீர்கள். கொடைக்கானல் மலை போல 1955-ன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் கிராமங்களில் எந்த ஒப்பந்தத் தேதியும் வெட்டு அனுமதிக்குக் கட்டுப்பட்டது. அனுமதி தாமதமானால் காலம் தானே நீளும் என்று ஒரு வரி அங்கே அவசியம்.

அரசின் இலவசக் கன்று

வேளாண் துறையின் நிலையான பசுமைப் போர்வை இயக்கம் 2021-ல் தொடங்கியது. உழவன் செயலியில் பதிந்தால் வரப்புக்கு ஏக்கருக்கு 50 கன்று, வயலுக்குள் 160. இரண்டாம் வருஷத்திலிருந்து உயிரோடு இருக்கும் கன்று ஒன்றுக்கு 7 ரூபாய், மூன்று வருஷம். 160 என்பது 5 மீட்டர் சதுரக் கணக்கு. நடுவில் கடலையோ உளுந்தோ தொடர்ந்து எடுக்கலாம், கலைப்புத் தொல்லை கிடையாது. வாங்குவோம் என்ற வாக்கு இல்லை, அதனால் கட்டுப்பாடும் இல்லை. எப்போது, யாருக்கு, எந்த விலைக்கு என்பது முழுக்க நம் கையில். நாங்கள் பார்த்தவற்றில் நிலத்துக்காரருக்கு நல்லது இதுதான் என்று தயங்காமல் சொல்வோம்.

குறை, ஊக்கத்தொகை நாலாவது வருஷத்தோடு நின்றுவிடுவது. தேக்கு, வேங்கை, மகோகனிக்குக் கிளை கழிக்கும் செலவும் காவல் செலவும் அதற்குப் பிறகும் தொடரும். எட்டாம் வருஷத்தில் ஒருமுறை உயிர்க்கணக்கு எடுத்து இன்னொரு தவணை கொடுத்தால் நட்ட மரங்கள் இன்னும் அதிகம் நிற்கும். இப்போதைக்குச் செய்யவேண்டியது, கன்று நட்ட வருஷமே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் மரக் கணக்கை ஏற்றிவிடுவது. இருபது வருஷம் கழித்து வெட்டி ஏற்றும்போது இது என் பட்டாவில் நான் நட்டது என்று காட்ட அதுதான் முதல் ஆதாரம்.

அரசுக் காடும் கண்மாய்க் கருவேலமும்

அழகர்மலை, சிறுமலை போன்ற அரசுக் காடுகளில் எங்கே, எப்போது, எவ்வளவு வெட்டுவது என்று வனத்துறை எழுதும் செயல்திட்டத்தின் காலம் பொதுவாக 10 வருஷம். 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. அதிலிருந்து அந்தத் திட்டத்துக்குத் தனி வலிமை. அமெரிக்காவில் 1976-ன் தேசிய வன மேலாண்மைச் சட்டம், திட்டத்தை 15 வருஷத்துக்குள் திருத்த வேண்டும், மர விற்பனை ஒப்பந்தம் பொதுவாக 10 வருஷத்தைத் தாண்டக் கூடாது என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அதற்கு முன் 1951-ல் அலாஸ்காவின் டாங்கஸ் காட்டில் ஒரு கூழ் ஆலைக்கு 50 வருஷ ஒப்பந்தம் எழுதினார்கள். 1997-ல் ஆலை மூடப்பட்டது, ஒப்பந்தமும் பாதியில் முடிந்தது. 50 வருஷம் வரை சந்தையையும் சட்டத்தையும் முன்கூட்டிப் பார்க்க யாராலும் முடியாது.

10 வருஷம் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. தேக்கு 60 வருஷ மரம் என்பதற்காக 60 வருஷத் திட்டம் எழுதினால் யாரும் திருத்த மாட்டார்கள். ஆனால் ஒரு திட்டம் முடிந்து அடுத்தது ஒப்புதலாவதற்குள் இடைவெளி விழுந்தால் கலைப்பு வேலை நின்றுபோய்த் தோட்டம் நெருக்கடியில் மாட்டும். எட்டாவது வருஷத்திலேயே அடுத்த திட்டத்தின் கணக்கெடுப்பைத் தொடங்கிவிடுவது நல்லது.

கண்மாய்க்குள் மேடு போட்டு நட்ட நாட்டுக் கருவேலம் வேறு வகை. பத்து வருஷ அளவில் வளர்த்து ஏலம் விடுகிறார்கள், வெட்டும் ஒப்பந்தம் சில மாதம்தான். அது அப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றிய பிறகு தொடங்கி, வடகிழக்கு மழைக்கு முன் கடைசி வண்டி வெளியேறியாக வேண்டும். ஏலம் தள்ளிப்போய் ஆகஸ்டில் முடிந்தால் ஒப்பந்தக்காரர் கரையோரம் வண்டிக்கு வசதியான மரத்தை வெட்டிவிட்டு, உள்வாய் மரத்துக்கு நீட்டிப்புக் கேட்பார். கண்மாய் நிரம்பினால் வெட்டிய மரம் தண்ணீரில் கிடக்கும், மடைக்குப் போகும் வழியையும் அடைக்கும். ஏலத்தை மார்ச்சிலேயே முடித்து, உள்வாயிலிருந்து கரை நோக்கி வெட்டிவர வேண்டும் என்று நிபந்தனை போட்டு, செப்டம்பர் 30-ஐ மாற்ற முடியாத தேதியாக எழுத வேண்டும். சீமைக் கருவேலம் என்றால் கூடுதலாக ஒன்று: வேரோடு பிடுங்கினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. தரையோடு வெட்டினால் அடுத்த மழையில் ஒவ்வொரு தூரிலிருந்தும் புதராகத் துளிர்க்கும். ஆகவே முன்பணத்தில் ஒரு பங்கை அடுத்த மழை முடியும் வரை, அதாவது ஜனவரி வரை, ஊராட்சி கையில் வைத்திருந்து, துளிர் இல்லை என்று பார்த்த பிறகே திருப்பித் தர வேண்டும்.